மூன்று தட்டு

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னை "டவுட்டு சார்" என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. பட்டப்பெயரில் எனக்கு வருத்தமில்லை. அதை முதலில் வைத்தது யார் என்றுதான் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இயற்கைச் சுற்றுலாத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பறவைப் பெயர்களை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்பையைப் பிரிப்பது, விருந்தினரிடம் குரல் உயர்த்தாமல் பேசுவது எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. "பொறுப்பு" என்ற சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் என்ற சொல்லை அதில் தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் முதலில் கோலார் தங்கவயல் சுரங்கத்து ஆள். கேஜுக்கு மணியடிப்பது என் வேலை. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. அதை இயக்குகிறவர் தள்ளி ஒரு தனிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேஜும் தெரியாது, ஆளும் தெரியாது. மணிச் சத்தத்தை வைத்துத்தான் எல்லாம். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள், இம்மியும் நகர்த்தாதே. எனக்கு வேலை பழக்கியவர் ஓடுகிற கேஜைப் பார்த்துப் பயப்படவே மாட்டார். "நிக்கிற கேஜுதாண்டா ஆபத்து, எப்போ கிளம்பும்னு தெரியாது" என்பார். என் ஷிப்டில் ஒரு ஆளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. நான் யாரையும் நம்பாததுதான் அதற்குக் காரணம் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கம் மூடிய பிறகு ஏதேதோ வேலை பார்த்துவிட்டு, சுற்றுலா ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். சந்தேகக்காரனுக்கு இந்தத் தொழில் விருந்து. போகும்போதெல்லாம் மான் காட்டுகிற ஒரு கைடு இருந்தார். மற்றவர்கள் அவருடைய ராசியைப் பேசினார்கள். நான் அவருடைய சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன், ராகி இருந்தது. புதருக்குள் தூவி மானைப் பழக்கி வைத்திருந்தார். இன்னொரு இடத்தில் குருவிகளைக் கூப்பிட மொபைலில் குருவிச் சத்தம் போட்டதைக் கண்டுபிடித்தேன். இப்படி நாலைந்து முறை என் சந்தேகம் சரியாகப் போனது. அதற்கப்புறம் என்னைப் பிடிக்க ஆளில்லை.

தங்கவயலை அடுத்த பேத்தமங்களா ஏரிக்குப் பக்கத்தில் தோப்புக்குள் ஒரு தங்கும் விடுதி. பறவை பார்க்க வருகிறவர்களுக்கானது. அங்கே கைடுகளையும் டிரைவர்களையும் தயார்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. கைடுகள் எல்லோரும் தங்கவயல் பிள்ளைகள். டிரைவர்கள் எல்லோரும் பங்காருபேட்டைக்காரர்கள், பஸ்ஸிலும் லாரியிலும் கிளீனராக இருந்து டிரைவரானவர்கள். கைடுகளுக்கு இருபது நாள் வகுப்பு, டிரைவர்களுக்கு இரண்டே நாள். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு வேறென்ன வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஏரிக்கரையில் சத்தம் கூடாது. ஹாரன் கூடாது, கத்தக் கூடாது, விசில் கூடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி கீங் கீங் என்று கத்துமே, அந்தக் கருவியின் ஒயரையும் நான்தான் நின்று கழற்ற வைத்தேன். பறவைகள் கலைந்து போகின்றன என்று விருந்தினர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியானால் பின்னால் நிற்கிற கைடு டிரைவருக்கு எப்படிச் சேதி சொல்வது? வண்டியின் தகரத்தைக் கையால் தட்டுவது என்று முடிவு செய்தேன். எத்தனை தட்டு என்பதற்கு நான் யோசிக்கவே இல்லை. ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் போகலாம். மூன்று என்றால் ஆள் இருக்கிறது, இம்மியும் நகராதே. இரண்டை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். மற்றதெல்லாம் என் கேஜ் மணிதான். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிஷத்தில் பிடிபட்டது. அப்பாவோ தாத்தாவோ சுரங்கத்தில் இருந்த வீட்டில் பிறந்தவர்கள், மூன்று என்றவுடன் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

டிரைவர்களிடம் போய், "பின்னாடி கைடு தட்டுவாங்க, கேட்டு நடந்துக்குங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? தட்டைக் கேட்டு வண்டி ஓட்டியே வளர்ந்தவர்கள். ஊரில் ஒரு மனுஷனை நம்பாத நான் அந்தத் தலையாட்டலை மட்டும் நம்பினேன்.

அந்த டிரைவர்களில் மூத்தவர் நாராயணப்பா. அவரை நான் முதல் நாளே குறித்து வைத்துக்கொண்டேன். கண் எப்போதும் சிவந்திருக்கும். வாயில் எந்நேரமும் கிராம்பு. கிராம்பு மெல்லுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் கணக்கு. ஓய்வு நேரத்தில் மற்றவர்களோடு உட்காராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே இருப்பார். விடுதி முதலாளியிடம் இரண்டு முறை ஜாடையாகச் சொன்னேன். "ரெண்டு பொண்ணுங்களை பெங்களூர்ல படிக்க வெக்கிற மனுஷன் சார். குடிச்சா நடக்குமா?" என்றார் அவர். படிக்க வைக்கிறவன் குடிக்க மாட்டான் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அன்று காலை ஆறரை மணி. பெங்களூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பத்துப் பேர். நாராயணப்பா பதினாறு பேர் உட்காரும் டெம்போவில் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார். நான் முன்னால் நடந்து அவர்களுக்கு நாமக்கோழி காட்டிக்கொண்டிருந்தேன். வண்டியைத் திருப்ப உதவியாகப் பின்னால் நின்றவள் ஸ்டெல்லா. தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பகுதிப் பெண், என் வகுப்பில் முதலாவதாக வந்தவள். நான் சொல்லும் எதையும் இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொள்வாள்.

திடீரென்று அலறல். திரும்பிப் பார்த்தால் ஒரு ஆசிரியை கரைச் சரிவில் கற்கள் மேல் கிடக்கிறார். வண்டியின் பின்பக்கம் இடித்துத் தள்ளியிருந்தது. ஸ்டெல்லா சரிவில் இறங்கி அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் ஓடினேன். எங்கே ஓடினேன் தெரியுமா? டிரைவர் பக்கக் கதவுக்கு. கீழே விழுந்தவரைப் பார்க்கும் முன்னால் நாராயணப்பாவின் வாயை மோந்து பார்த்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மகன் போலீசில் புகார் கொடுத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். இதைவிட மலிவான வாக்கியம் தமிழில் இல்லை, அதை நான் நன்றாக அழுத்தியே சொன்னேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நாராயணப்பாவைச் சோதித்துப் பார்த்து, குடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிராம்பு சொத்தைப் பல்லுக்கு என்று தெரிந்தது. பல்லையும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சரி, போன் பேசியிருப்பார் என்று சந்தேகத்தை மாற்றிக்கொண்டேன். போனை வாங்கிப் பார்த்தேன், அந்த நேரத்தில் ஒன்றுமில்லை. சரி, தூங்கியிருப்பார்.

அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தட்டினாங்க, வந்தேன் சார்."

ஸ்டெல்லா சொன்னதும் ஒன்றுதான். "நகராதீங்கன்னு தட்டினேன் சார். அப்பவும் வந்தாரு."

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார், பொய் சொல்வது யார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு நாராயணப்பாவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டேன். "அந்தப் பொண்ணு நகராதேன்னு தட்டியிருக்கா. நீங்க வந்துட்டு இன்னா கதை விடறீங்க? வண்டியில உக்காந்துகினு தூக்கமா?" என்னை விடச் சில வயதே சின்னவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள்தான் எனக்குச் சுரங்கத்து விசாரணைகள் ஞாபகம் வந்தன. அங்கே யாரையும் "ஏன் செய்தாய்" என்று முதலில் கேட்க மாட்டார்கள். "எத்தனை மணி அடித்தாய்" என்று ஒருவரையும், "எத்தனை மணி கேட்டாய்" என்று மற்றவரையும் தனித்தனியே கேட்பார்கள். நான் இதுவரை எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை. நாராயணப்பாவின் பொய்யை முடித்துக்கட்ட இதுதான் வழி என்று கிளம்பினேன். அப்போதும் அவர்மேல்தான் கண்.

முதலில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். "நீ எத்தனை தட்டினேம்மா?"

"மூணு சார். வண்டி ரிவர்ஸ்ல பாதி வந்து நின்னுகினு இருந்துச்சு. அந்த மேடம் கீழ விழுந்த தொப்பியை எடுக்கப் பின்னாடி வந்துட்டாங்க. நிக்கிற வண்டிதானே சார் டேஞ்சர், நீங்க சொன்னீங்களே. மூணு தட்டினேன். வண்டி மூவ் ஆச்சு. பயத்துல மறுபடி மூணு தட்டினேன், இன்னும் ஜோரா."

பாடம் அச்சு அசலாக இருந்தது. திருப்தியோடு பங்காருபேட்டைக்கு ரயில் ஏறினேன்.

நாராயணப்பா வீட்டில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆய்த்து சார், முடிஞ்சுபோச்சு. காலைல முதலாளிகிட்ட லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன். கவனமில்லாம ஓட்டினேன், தப்பு என்னுதுன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்" என்றார்.

"ஏன் போட்டீங்க?"

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களே சார். அந்தப் பொண்ணும் பொய் சொல்ற பொண்ணு இல்ல. அப்போ என் காதுதான் சரியில்ல. வயசாகுது. இனிமே வண்டி ஓட்டலாமா வேணாமான்னு யோசிச்சிகினு கீறேன்."

"உங்க காதுக்கு எத்தனை தட்டு கேட்டுச்சு?"

அவர் தயங்கினார். தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் அது. "என் காதுக்கு மூணு சார். டப் டப் டப்புன்னு. அப்பால மறுபடியும் மூணு, ஜோரா."

"மூணு கேட்டா எதுக்கு வந்தீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரிவர்ஸ்ல தட்டிகினே இருந்தா வா வான்னுதானே சார் அர்த்தம். ஜோரா தட்டினா சீக்கிரம் வான்னு. நிக்கணும்னா ஒரே தட்டு. நான் கிளீனரா இருந்த நாள்லேர்ந்து அதுதானே. வேற இன்னா இருக்குது?"

சுரங்கத்தில் "ஆள் இருக்கிறது, நகராதே" என்பதற்கு என்ன சத்தமோ, அதே சத்தம் பஸ்காரர்களுக்கு "வா, பின்னால் வா." ஒன்றும் இரண்டும் இரு பக்கத்திலும் ஒத்துப்போனதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்று தட்டுவதற்கு அன்றுவரை தேவையே வரவில்லை. வந்த முதல் நாளே அந்த அம்மாவின் இடுப்பு போய்விட்டது. ஸ்டெல்லா சரியாகத் தட்டினாள். நாராயணப்பா சரியாகக் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் இருந்தது நான்.

அவரிடம் அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

இளையவர்களே, இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் வகுப்புகள் போய்விடும், நான் சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளின் வேலைக்கும் ஆபத்து வரும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, பங்காருபேட்டையில் டிரைவருக்கு வேறு வேலையா கிடைக்காது என்றும் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். தப்பைச் செய்தது அறியாமையில். மறைத்தது முழு நினைவோடு.

அந்த இரண்டு நாளும் மற்ற வண்டிகள் என்னுடைய அதே மூன்று தட்டோடு ஏரிக்கரைக்குப் போய்வந்தன. காரணம் சொல்லாமல் அதை நிறுத்த எனக்கு வழியில்லை. அதனால் தினமும் விடிந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "யாரும் வண்டிக்குப் பின்னாடி நிக்காதீங்க, தட்டாதீங்க, டிரைவரே பாத்துக்கட்டும்" என்றேன். இரண்டாம் நாள் அவள் கேட்டாள்.

"ஏன் சார், டெய்லி இதையே சொல்றீங்க?"

"சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு."

அவள் விடவில்லை. "சார், நீங்க நாராயணப்பா அண்ணன் வீட்டுக்குப் போனீங்கதானே? என்கிட்ட கேட்டதை அவர்கிட்டயும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன்."

"அவருக்கு எத்தனை கேட்டுச்சாம்?"

நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த தோரணையில்தான் கேட்டாள். குரலில் அதே சந்தேகம், இப்போது என்மேல். மழுப்பலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. "மூணும்மா" என்றேன். மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. "அப்போ நான் தட்டித்தானா சார் வண்டி அந்த மேடத்தை இடிச்சுச்சு?"

"நீ தட்டி இல்ல. நான் தட்ட வெச்சு" என்றேன்.

அன்று மதியமே முதலாளியிடம் போனேன். விளக்கிச் சொன்னேன், அவர் நம்பவில்லை. டிரைவர்மேல் இரக்கப்பட்டுக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். என்னைச் சந்தேகப்படுகிறவரிடம் நான் கோபப்பட முடியுமா? ஐந்து நிமிஷம் மட்டும் கேட்டேன். விடுதி வாசலில் கைடுகளை ஒரு வரிசையிலும் டிரைவர்களை எதிர் வரிசையில் அவரவர் வண்டியிலும் இருக்கச் சொன்னேன். நாராயணப்பாவையும் வரவழைத்து ஒரு வண்டியில் உட்கார வைத்தேன். என்ஜின் போட வேண்டாம், ரிவர்ஸ் எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். காலித் தகர டிரம் ஒன்றின் பின்னால் நின்று மூன்று தட்டினேன்.

கைடுகள் எல்லோரும் கையைத் தூக்கி அப்படியே உறைந்து நின்றார்கள். எதிரே டிரைவர்கள் எல்லோரும் ஒருசேரக் கண்ணாடியைப் பார்த்து, ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்னால் வரத் தயாரானார்கள். நாராயணப்பா மட்டும் அசையவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி உள்ளே போய் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நாராயணப்பாவின் கையிலேயே கொடுத்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆசிரியையிடமும் மகனிடமும் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். மகன் என்னைத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். டிரைவர் மேலிருந்த புகாரைத் திரும்பப் பெற்றார். அந்த அம்மா இன்று வாக்கர் பிடித்து நடக்கிறார், ஏரிக்கு வருவதில்லை. என் வகுப்புகள் அந்த வாரமே நின்றன. உங்கள் கையேட்டில் என் பெயருக்கு முன்னால் "ஓய்வு பெற்ற" என்று போட்டிருக்கிறார்கள். மரியாதைக்குப் போட்டது.

இப்போது அங்கே தட்டு கிடையாது. கைடு டிரைவரின் ஜன்னலுக்கு நேரே வந்து, முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். இந்த முறையை எழுதியது ஸ்டெல்லா. கைடுகளும் டிரைவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, "இந்தச் சத்தத்துக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றாத கேள்வி அது.

நாராயணப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். அப்படித்தான் சொல்வார் என்று தெரியும். அது நிஜமா என்றுதான் தெரியவில்லை.

உங்கள் பயிற்சியின் முதல் நாளில் ஒரு வீடியோ காட்டியிருப்பார்கள். வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் ஒரு பெரியவர் இறங்கி, பின்னால் போய்ப் பார்த்து, கைடிடம் "யாரும் இல்லையே?" என்று கேட்பார். அவள் இல்லை என்பாள். ஏறி உட்காருவார். மறுபடியும் இறங்கி, மறுபடியும் போய்ப் பார்ப்பார். இதுதான் கவனம், எல்லோரும் இவரைப் போல இருங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்தான் நாராயணப்பா. இருபத்தெட்டு வருஷம் தன் காதை நம்பி வண்டி ஓட்டிய மனிதர்.